மருத்துவமனைப் பூட்டு ஏன் திறந்தே கிடக்கிறது?

இரவு இரண்டு மணி. வார்டில் முப்பது படுக்கை, இரண்டு செவிலியர், நடுவில் ஒரு கணினி. பதினோராம் படுக்கைக்காரருக்கு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. மாலையில் என்ன மருந்து கொடுத்தார்கள், கடைசி ரத்தப் பரிசோதனை என்ன சொன்னது என்று உடனே பார்த்தாக வேண்டும். கணினியைத் தொட்டால் திரை பூட்டியிருக்கிறது. பதினான்கு எழுத்து பாஸ்வேர்டு, அதில் ஒரு எண், ஒரு குறி கட்டாயம். கையில் கையுறை. முதல் தடவை தப்பு. இரண்டாவது தடவை திறந்தால், நோயாளி பதிவேட்டுக்குத் தனியாக ஒரு பாஸ்வேர்டு, லேப் முடிவுக்கு இன்னொன்று.

மறுநாளிலிருந்து அந்த வார்டில் என்ன நடக்கும் என்று சொல்ல ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. காலையில் முதலில் வரும் மருத்துவர் லாகின் செய்வார். அன்று பகலும் இரவும் வார்டு முழுக்க அவர் பெயரிலேயே வேலை பார்க்கும். திரை பூட்டிக்கொள்ளாமல் இருக்க, போகிறவர் வருகிறவர் எல்லாரும் மவுஸை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார்கள்.

அப்புறம் ஒருநாள் தணிக்கைக்கு ஆள் வருவார். ‘ஊழியர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சி தேவை’ என்று அறிக்கை எழுதுவார். அடுத்த வருடமும் அதே வரி இருக்கும். எனக்குக் கோபம் வருவது அந்த வரியின் மேல்தான். இரவு இரண்டு மணிக்கு அந்தக் கட்டடத்தில் விழித்திருப்பவரே அந்தச் செவிலியர்தான். அவருக்கு விழிப்புணர்வு போதாது என்கிறோம்.

மருத்துவமனைகளின் சைபர் பாதுகாப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் கருவிகளில் தொடங்கி ஊழியர்களைக் குறை சொல்வதில் முடிகிறது. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் நடந்த பெரிய தாக்குதல்களின் விசாரணை அறிக்கைகளைப் படித்தால் வேறு கதை தெரியும். பல இடங்களில் கருவி இருந்தது, எச்சரிக்கையும் வந்தது. அந்த எச்சரிக்கையைக் கையில் எடுக்க ஆள் இல்லை. அல்லது பாதுகாப்பு விதியும் வார்டு வேலையும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

அவசரமே பிணை

ரான்சம்வேர் என்பது கோப்புகளைப் பூட்டிவிட்டு, சாவிக்குப் பணம் கேட்கும் மென்பொருள். ஒரு தொழிற்சாலையைப் பூட்டினால் நஷ்டத்தோடு போகும். மருத்துவமனையால் ‘நாலு நாள் கழித்து வாருங்கள்’ என்று சொல்ல முடியாது. அந்த அவசரத்தைத்தான் கும்பல்கள் விலை பேசுகின்றன. 2016ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஹாலிவுட் பிரெஸ்பிடேரியன் மருத்துவமனை கொடுத்தது 40 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 17,000 டாலர். 2024ல் அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்துக்காகக் கொடுக்கப்பட்டது 2.2 கோடி டாலர்.

முதல் நோயாளி ஒரு கணினி

அயர்லாந்தின் பொது சுகாதாரச் சேவையான எச்.எஸ்.இ. 2021 மே மாதம் முடங்கியது. பி.டபிள்யூ.சி. நிறுவனம் அதை விசாரித்து எழுதிய அறிக்கை அந்த ஆண்டு டிசம்பரில் வெளியானது. மருத்துவமனை நிர்வாகத்தில் இருக்கும் யாரும் படிக்க வேண்டிய ஆவணம் அது.

மார்ச் 16 அன்று ஓர் ஊழியருக்கு மின்னஞ்சல் ஒன்று வருகிறது. 18ஆம் தேதி அதனுடன் வந்த எக்செல் கோப்பை அவர் திறக்கிறார். தொற்றுநோயில் முதல் நோயாளியை அழைப்பதுபோலவே, அந்தக் கணினிக்கு அறிக்கை ‘பேஷண்ட் சீரோ’ என்று பெயர் வைத்திருக்கிறது. மார்ச் 31 அன்று அதே கணினியில் கோபால்ட் ஸ்டிரைக், மிமிகாட்ஸ் என்ற இரண்டு கருவிகள் ஓடுவதை வைரஸ் தடுப்பு மென்பொருள் கண்டுபிடித்துவிட்டது. இரண்டுமே ஊடுருவல்காரர்கள் வழக்கமாகப் பயன்படுத்துபவை. ஆனால் அந்த மென்பொருள் கண்காணிக்க மட்டும் அமைக்கப்பட்டிருந்தது, தடுக்க அல்ல. அதனால் பார்த்தது, குறித்துவைத்தது, விட்டுவிட்டது.

மே 7 அன்று ஊடுருவியவர்கள் எச்.எஸ்.இ. சர்வர்களுக்குள் வந்துவிட்டார்கள். அடுத்த சில நாட்களில் ஒவ்வொரு மருத்துவமனையாக நுழைந்தார்கள். மே 13 அன்று வைரஸ் தடுப்பு நிறுவனமே பாதுகாப்புக் குழுவுக்கு எழுதியது: 7ஆம் தேதி தொடங்கி, குறைந்தது 16 கணினிகளில் வந்த அபாய அறிகுறிகளை யாரும் கவனிக்கவில்லை. பாதுகாப்புக் குழு அதைப் படித்துவிட்டு, சர்வர்களை ரீஸ்டார்ட் செய்யும்படி இன்னொரு குழுவைக் கேட்டுக்கொண்டது. மே 14 அதிகாலை ஒரு மணி அளவில் ரான்சம்வேர் ஓடத் தொடங்கியது.

ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார்களா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்த மின்னஞ்சலைப் பார்த்ததும் ‘இது தாக்குதல், இப்போதே இணைப்பைத் துண்டியுங்கள்’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருந்தது? எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகள், அவற்றில் சுமார் 30,000 கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கைவிட்டுவிட்ட விண்டோஸ் 7. இவ்வளவுக்கும் சைபர் பாதுகாப்புக்கு மட்டுமே பொறுப்பான உயர் அதிகாரி ஒருவர்கூட அங்கே இல்லை. அதே நாட்களில் அந்த நாட்டின் சுகாதாரத் துறை அலுவலகமும் தாக்கப்பட்டது. அங்கே அறிகுறியைப் பார்த்தவர்கள் செயல்பட்டார்கள், ரான்சம்வேர் ஓடுவதற்குள் தடுத்துவிட்டார்கள்.

இன்னொரு செய்தியும் அந்த அறிக்கையில் உண்டு. ஒரு வாரத்துக்குள், மே 20 அன்று, கோண்டி என்ற அந்தக் கும்பல் சாவியை இலவசமாகவே கொடுத்துவிட்டது. சாவி கையில் இருந்தும் எல்லா சர்வர்களையும் திறந்து முடிக்க செப்டம்பர் 21 ஆகிவிட்டது. பணத்தைக் கட்டிவிட்டால் மறுநாள் ஓ.பி. ஓடும் என்று நினைக்கும் நிர்வாகிகள் இந்தத் தேதிகளை மேசைக்கு மேலே ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

கணினியாகத் தெரியாத கணினிகள்

எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை வாங்கினால் பத்துப் பதினைந்து வருடம் ஓட்டுவார்கள். அதற்குள்ளே இருக்கும் விண்டோஸுக்கு அத்தனை ஆயுள் கிடையாது. மருத்துவமனையின் ஐ.டி. ஆள் அதில் பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தம், போடலாம் என்று கை வைத்தால், ‘எங்களைக் கேட்காமல் தொடாதீர்கள், உத்தரவாதம் போய்விடும்’ என்பார் கம்பெனிக்காரர். அவரைக் கேட்டால், புதிய பதிப்பு இன்னும் சோதனையில் இருக்கிறது என்பார். ஸ்கேனர், மருந்து செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப், லேப் அனலைசர் எல்லாவற்றுக்கும் இதே கதை.

2017 மே 12 அன்று பரவிய வான்னகிரை என்ற ரான்சம்வேர் இந்தப் பலவீனத்தை உலகத்துக்கே காட்டியது. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே, இரண்டு மாதம் முன்பே, வெளியிட்டுவிட்டது. இங்கிலாந்தில் அரசு சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். நடக்கும் 236 அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. 595 குடும்ப மருத்துவர் மையங்களில் தொற்று நுழைந்தது. 19,000க்கும் மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று என்.எச்.எஸ். கணித்ததை அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் தன் அறிக்கையில் பதிவு செய்தது. பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.தான் காரணம் என்று அப்போது எல்லாரும் எழுதினார்கள். தணிக்கை அறிக்கை வேறு சொன்னது: சிக்கிய கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 7, அதாவது அன்றைக்கு இன்னும் பேட்ச் கிடைத்துக்கொண்டிருந்த பதிப்பு. போடாமல் விட்டதுதான் பிரச்சினை. அதுகூட வேண்டாம், இணையத்தைப் பார்த்த ஃபயர்வால்களை, அதாவது வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் தடுப்புகளை, சரியாக வைத்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும் என்றும் அது சொன்னது.

சரி, பேட்ச் போடவே முடியாத இயந்திரத்தை என்ன செய்வது? இதற்கு விடை மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான். மருந்து இல்லாத தொற்றைத் தனி அறையில் வைப்பார்கள். ஸ்கேனர் யாரோடு பேச வேண்டும்? படங்களைச் சேமிக்கும் சர்வரோடு, பதிவேட்டோடு, பழுதுபார்க்கும் கம்பெனியின் ஒரே ஒரு முகவரியோடு. வரவேற்பறைக் கணினியோடு அதற்கு என்ன பேச்சு? நெட்வொர்க்கை இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டால், கணக்குப் பிரிவில் யாரோ திறந்த மின்னஞ்சல் ஐ.சி.யூ. வரை நடந்து போகாது. 2022 நவம்பரில் புதுடெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ஐந்து சர்வர்கள் பூட்டப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தரவு சிக்கியது. நெட்வொர்க் முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது.

பிரிப்பதற்கு முன் எண்ண வேண்டும். எத்தனை பம்ப், எத்தனை மானிட்டர், எதில் என்ன மென்பொருள் என்ற கணக்குப் புத்தகம் பல இடங்களில் இல்லவே இல்லை. சலிப்பான வேலை, யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆனால் இது இல்லாமல் லட்சக்கணக்கில் கொட்டி வாங்கும் கருவி எதைக் காக்கும்? உற்பத்தியாளர்கள் பக்கமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. இணையத்தோடு இணையக்கூடிய புதிய மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி கேட்பவர்கள், உள்ளே என்னென்ன மென்பொருள் துண்டுகள் இருக்கின்றன என்ற பட்டியலையும், ஓட்டை தெரிந்தால் எப்படி அடைப்போம் என்ற திட்டத்தையும் தர வேண்டும் என்று அமெரிக்காவில் 2023 மார்ச் முதல் சட்டம் சொல்கிறது. ஏற்கெனவே வார்டில் ஓடிக்கொண்டிருக்கும் கருவிகளுக்கு இது உதவாது. வாங்கும் ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு பேட்ச் தருவீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குவதுதான் வழி. விலைபேச்சு நடக்கும் அந்த ஒரு வாரம்தான் மருத்துவமனையின் பேச்சுக்கு மதிப்பு இருக்கும் வாரம்.

அடுத்த வீட்டில் பிடித்த தீ

உங்கள் மருத்துவமனை எல்லாவற்றையும் சரியாகவே செய்திருக்கலாம். உங்கள் லேப் வேலையைச் செய்து தரும் நிறுவனம்?

2024 ஜூன் 3 அன்று லண்டனில் சின்னோவிஸ் என்ற நோய்க்குறி ஆய்வு நிறுவனம் தாக்கப்பட்டது. கிங்ஸ் காலேஜ், கைஸ் அண்ட் செயின்ட் தாமஸ் மருத்துவமனைகளின் ரத்தப் பரிசோதனைகள் அதன் கையில் இருந்தன. அறுவை சிகிச்சை நடுவே ரத்தம் தேவைப்பட்டால், நோயாளியின் வகையைப் பார்த்துப் பொருத்துவது வழக்கம். அதை வேகமாகச் செய்ய முடியாமல் போனதால், பொருத்தம் பார்க்காமலே கொடுக்கக்கூடிய ஓ வகை ரத்தத்தை எடுத்தார்கள். அது தீர ஆரம்பித்தது. ஓ வகை ரத்தம் உள்ளவர்கள் உடனே கொடை தர வாருங்கள் என்று என்.எச்.எஸ். வேண்டுகோள் விட்டது. எங்கோ ஒரு சர்வர் பூட்டியதற்குக் கொடையாளிகளின் கையில் ஊசி. இந்தச் சங்கிலியை எந்த இடர் மதிப்பீட்டு அட்டவணையும் முன்கூட்டிக் காட்டியிருக்காது என்று நினைக்கிறேன். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புறநோயாளி சந்திப்புகளும் 1,700க்கும் மேற்பட்ட சிகிச்சைகளும் தள்ளிப்போயின.

சைபர் தாக்குதலால் உயிர் போகுமா என்ற கேள்விக்கு நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும். 2020ல் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் பல்கலைக்கழக மருத்துவமனை முடங்கியபோது, வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்ட ஒரு நோயாளி இறந்தார். உலகெங்கும் தலைப்புச் செய்தி ஆனது. தாமதத்தால்தான் இறந்தார் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்று விசாரணையில் முடிந்தது. அது அவ்வளவு பெரிய செய்தியாகவில்லை. சின்னோவிஸ் விஷயத்தில் 2025 ஜூனில் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனை ஓர் இறப்பை உறுதி செய்தது. அதற்குப் பல காரணங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வர நேர்ந்த நீண்ட தாமதமும் அவற்றில் ஒன்று.

சேஞ்ச் ஹெல்த்கேர் தாக்குதலில் வாசல் எது என்று பார்த்தால் வெறுத்துப்போகும். அமெரிக்காவின் காப்பீட்டுக் கோரிக்கைகளும் மருந்துச் சீட்டுகளும் ஓடும் பெருவழி அது. திருடிய பயனர்பெயர், பாஸ்வேர்டோடு தொலைவிலிருந்து உள்ளே வரும் ஒரு தளத்தில் நுழைந்தார்கள். அந்த ஒரு தளத்தில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, அதாவது ஓ.டி.பி. போன்ற ஒன்று, இல்லை. ஒன்பது நாள் உள்ளேயே சுற்றிவிட்டு 2024 பிப்ரவரி 21 அன்று பூட்டினார்கள். கசிந்தது சுமார் 19 கோடி பேரின் தகவல். பணம் கொடுத்த பிறகும், கும்பலுக்குள்ளேயே பங்குத் தகராறு வந்து, வேறொரு குழு அதே தரவைக் காட்டி மறுபடி மிரட்டியது.

பூட்டுக்கும் விலை உண்டு

இங்கேதான் அந்த இரவு ஷிப்டுக்குத் திரும்ப வேண்டும். சேஞ்ச் ஹெல்த்கேர் செய்தியைப் படித்த நிர்வாகி முதலில் செய்வது, எல்லா இடத்திலும் ஓ.டி.பி. வை என்று உத்தரவு போடுவது. அது நோயாளி படுக்கை வரை வந்து நிற்கும்.

2019ல் ‘ஹெல்த் சர்வீசஸ் ரிசர்ச்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, தரவுக் கசிவு நடந்த அமெரிக்க மருத்துவமனைகளைப் பார்த்தது. கசிவுக்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஈ.சி.ஜி. எடுக்க ஆன நேரம் 2.7 நிமிடம் வரை கூடியிருந்தது. மாரடைப்பு நோயாளிகளில் 30 நாளுக்குள் இறப்பவர்களின் விகிதம் 0.36 சதவீதப் புள்ளி வரை உயர்ந்திருந்தது. ஆய்வாளர்கள் கைகாட்டியது ஹேக்கர்களை அல்ல, கசிவுக்குப் பிறகு அவசரமாகப் போட்ட பாதுகாப்பு மாற்றங்களை. இது புள்ளிவிவரத் தொடர்புதான், இதுவே காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒரு கூடுதல் பாஸ்வேர்டுக்கு யார் விலை கொடுக்கிறார் என்று யோசிக்கவைக்கிறது.

ஆகவே பூட்டு எங்கே கனமாக இருக்க வேண்டும், எங்கே லேசாக இருக்க வேண்டும் என்பதே கேள்வி. வெளியிலிருந்து உள்ளே வரும் ஒவ்வொரு வழியிலும், மின்னஞ்சலிலும், எல்லா சர்வர்களையும் ஆளும் நிர்வாகக் கணக்கிலும், பழுதுபார்க்க வரும் கம்பெனியின் இணைப்பிலும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு விதிவிலக்கில்லாமல் வேண்டும். படுக்கையருகில் வேறு முறை வேண்டும். ஷிப்ட் தொடங்கும்போது ஒருமுறை பின் எண்ணைப் போட்டுவிட்டால், அதன்பின் கழுத்தில் தொங்கும் அட்டையைத் தட்டினால் போதும். அடுத்த அறைக் கணினியில் தட்டினால், விட்ட இடத்தில் அதே நோயாளியின் பக்கம் திறக்கும். மறுபடி தட்டினால் பூட்டிக்கொள்ளும். பூட்டுவதே எளிதான வழி என்றாகிவிட்டால் மவுஸைத் தட்டும் வேலை தானாக நின்றுவிடும்.

அவசரத்தில் தனக்கு அனுமதி இல்லாத பதிவேட்டைத் திறக்க வேண்டி வந்தால்? திறக்க விட வேண்டும், தடுக்கக் கூடாது. காரணத்தை ஒரு வரியில் கேட்டுப் பதிவு செய்துகொண்டு, மறுநாள் காலை அந்தப் பட்டியலை ஒருவர் உண்மையிலேயே படிக்க வேண்டும். பல இடங்களில் பதிவு ஆகிறது, படிப்பவர்தான் இல்லை.

சொன்னால் எனக்கென்ன கிடைக்கும்?

சிங்கப்பூரின் மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த் மீது நடந்த தாக்குதலில் 15 லட்சம் பேரின் விவரங்கள் திருடு போயின. அன்றைய பிரதமர் லீ சியென் லூங்கின் மருந்து விவரமும் அதில் அடக்கம். 2018 ஜூலை 4 அன்று ஒரு கீழ்நிலை ஊழியர் தரவுத்தளத்தில் விநோதமான தேடல்கள் ஓடுவதைக் கவனித்து நிறுத்தினார். மேலே தெரிவிக்க வேண்டியவர்கள் நாட்களைக் கடத்தினார்கள். தெரிவித்தால் விளக்கம் கேட்டு எல்லாரும் துரத்துவார்கள் என்ற தயக்கம் ஓர் இடைநிலை மேலாளருக்கு இருந்தது என்று விசாரணைக் குழுவில் வெளிவந்தது. இந்த மனிதரை வில்லனாக்குவது சுலபம். ஆனால் தவறைச் சொன்னவனுக்கே தலைவலி என்றிருக்கும் எந்த அலுவலகத்திலும் இவர் இருப்பார்.

தவறான மருந்து கொடுத்துவிட்டால் உடனே சொல்ல வேண்டும், சொன்னவரைத் தண்டிக்கக் கூடாது என்ற பழக்கத்தை மருத்துவ உலகம் ரொம்ப காலமாகப் பழகிவருகிறது. சந்தேக மின்னஞ்சலைத் திறந்துவிட்டேன் என்று பத்து நிமிடத்தில் சொல்பவருக்கும் அதே மரியாதை கிடைக்க வேண்டும். போலி மின்னஞ்சல் அனுப்பி, சிக்கியவர்கள் பெயரை அறிவிப்புப் பலகையில் போடும் நிறுவனங்கள் உண்டு. அடுத்த முறை நிஜமான மின்னஞ்சலில் சிக்குபவர் வாயைத் திறப்பாரா?

காகிதத்துக்குத் திரும்பும் நாள்

பேக்கப், அதாவது தரவின் மறுபிரதி, இருந்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு சின்னத் திருத்தம். பின்லாந்தின் வஸ்டாமோ மனநல சிகிச்சை நிறுவனத்தில் திருடு போனது, நோயாளிகள் மனம் திறந்து சொன்னவற்றின் குறிப்புகள். 2020 அக்டோபரில் திருடியவர் நோயாளிகளுக்கே நேராக எழுதி, ஆளுக்கு 200 யூரோ கேட்டார். வெளியே போன ரகசியத்தை எந்த பேக்கப்பும் திரும்பக் கொண்டுவராது. தேவையில்லாததைச் சேர்த்துவைக்காமல் இருப்பது ஒன்றுதான் அதற்குக் காப்பு.

சேவை முடங்குவதற்கு மட்டும் பேக்கப் உதவும். அதிலும் ஒரு பிரதியாவது நெட்வொர்க்கிலிருந்து முழுக்கத் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே வந்தவர்கள் முதலில் தேடிப் பூட்டுவது பேக்கப்பைத்தான். அதை மீட்டெடுத்துப் பார்த்திருக்கவும் வேண்டும். எதை முதலில் எழுப்புவது என்ற வரிசையும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். யார் எந்தக் கணினியில் நுழையலாம் என்று சொல்லும் சர்வர் எழும்பாமல் லேப் எழும்பாது. எச்.எஸ்.இ. கையில் இப்படி முன்னுரிமை போட்ட பட்டியல் ஒன்று தயாராக இல்லை. தீ எரியும்போது உட்கார்ந்து எழுதினார்கள்.

பெரிய செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரு வார்டைத் தேர்ந்தெடுத்து, நாலு மணி நேரம் கணினிகளை அணைத்துவிடுங்கள். நோயாளிகளுக்கு ஆபத்து வராதபடி, பக்கத்தில் ஒருவர் கணினியோடு நிற்கட்டும். மற்றவர்கள் தாளில் ஓட்டட்டும். மருந்துக் குறிப்பை அச்சடித்த படிவம் எங்கே? அலமாரியில் இருக்கும், ஆனால் சில வருடப் பழையது, ஒவ்வாமை எழுதக் கட்டமே இல்லாதது. லேபுக்கு மாதிரி போகும், முடிவு எந்த வழியில் வரும்? புதிதாகச் சேர்ந்த இளம் மருத்துவர் கையால் மருந்து அட்டவணை எழுதியதே இல்லை என்பது அப்போது தெரியும். ஐ.டி. ஆளை அழைக்கலாம் என்று போனை எடுப்பார்கள். அவருடைய எண் கணினிக்குள் இருக்கும்.